ஓராண்டு குவியல், மறு ஆண்டு வறட்சி: மத்தியின் உடலில் எழுதப்பட்ட கணக்கு

கேரளக் கரையில் 2012-இல் இறங்கிய மத்தி ஏறத்தாழ நான்கு லட்சம் டன். அதே கரையில் 2021-இல் இறங்கியது சுமார் 3,300 டன். நூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மத்தியின் கதை முடிந்தது என்று எழுதியவர்களின் மை காய்வதற்குள், 2022-இல் அது லட்சம் டன் அளவுக்குத் திரும்பி வந்தது. 2024-இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டன். வஞ்சிரத்துக்கோ சுறாவுக்கோ இப்படி ஒரு வரைபடத்தைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

மீன் குறையும்போதெல்லாம் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவது நம் வழக்கம். ஓராண்டு எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது), இன்னோர் ஆண்டு சுருக்குமடி (மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கும் வலை), மற்றோர் ஆண்டு மீன்தூள் ஆலை. எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த மீன் எப்படி உண்கிறது, எப்போது முட்டையிடுகிறது, எத்தனை நாள் வாழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த உண்மைகளை எடைபோட முடியாது. கூடுவதும் குறைவதும் மத்திக்கு வெளியிலிருந்து வந்த நோய் அல்ல. அதன் வாழ்க்கை முறையே அதுதான். நாம் செய்வதெல்லாம் அந்த ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் கூட்டுவதோ குறைப்பதோதான்.

முதலில் எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடலாம். சாளை என்ற பொதுப்பெயருக்குள் நம் கடற்கரையில் பல மீன்கள் அடங்கும். பேய்ச்சாளை, நெய்ச்சாளை, வடக்கே போகப்போகக் கவலை, கேரளச் சந்தையின் தாக்கத்தால் இப்போது எல்லா ஊரிலும் மத்தி என்று அழைக்கப்படுவது ஒரே மீன்: அறிவியல் பெயர் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ். ஹெர்ரிங் வகையைச் சேர்ந்த இந்தச் சிறு மீன் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய மீன். 23 வரை வளர்ந்தவை அபூர்வம். சூடை என்பது இதன் நெருங்கிய உறவு. கொஞ்சம் சிறியது, முள் அதிகம், நெய் குறைவு. கீரிமீன்சாளை சற்றுத் தள்ளிய உறவு. அதன் விலாவில் வரிசையாகப் புள்ளிகள் ஓடும்.

சந்தையில் இவை கலந்து கிடக்கும்போது பார்த்தவுடன் பிரித்துச் சொல்வது எளிதல்ல. எல்லாம் வெள்ளி வயிறும் நீலம் கலந்த பச்சை முதுகுமாகத்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் முதுகில் ஒரே ஒரு மென்மையான துடுப்பு, கவட்டை வால். அடிவயிற்றில் வாலிலிருந்து தலையை நோக்கி விரலை ஓட்டினால் சொரசொரவென்று தடுக்கும். அது அங்கே வரிசையாக அமைந்த கூரிய செதில்களின் விளிம்பு. மத்தியின் செவுள் மூடிக்குப் பின்னால் மங்கலான ஒரு பொன்னிறப் பொட்டும், மூடியின் பின்விளிம்பில் ஒரு கரும்பொட்டும் தெரியும். தலை நீளம் உடல் நீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஐஸ் பெட்டியில் ஓர் இரவு கிடந்த மீனில் பொட்டெல்லாம் மங்கிப்போயிருக்கும். அப்போது ஐயமில்லாமல் சொல்ல ஒரு வழி இருக்கிறது: செவுள் மூடியைத் தூக்கிப் பார்ப்பது.

செவுள் என்றவுடன் நாம் பார்ப்பது அதன் சிவந்த பகுதியை. மீன் புதியதா என்று அறிய அது போதும். அதே செவுள் வளைவின் உட்புறத்தில், வாயை நோக்கிய பக்கத்தில், வெளிறிய மெல்லிய முட்கள் சீப்புப் பற்களைப் போல வரிசையாக நிற்கும். சூடையில் முதல் வளைவின் கீழ்ப்பாதியில் அவற்றை எண்ணினால் 45 முதல் 59 வரை இருக்கும். வளர்ந்த மத்தியில் அதே இடத்தில் 150-க்குக் குறையாது. 250 வரைகூடப் போகும். விரல் நகத்தால் விலக்கிப் பார்த்தால் முள் முள்ளாகத் தெரியாது, ஒரு பட்டுத் துணியின் ஓரம் போல நெருக்கமாக இருக்கும். இந்த மீனின் மொத்தக் கதையும் தொடங்கும் இடம் அதுதான்.

காரணம் எளிது. வாய்வழியாகப் புகும் நீர் செவுள் வழியாக வெளியேறும்போது, நீரில் மிதப்பவை இந்த முட்களில் தங்கிவிடும். முட்கள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நுண்ணிய உணவையும் பிடிக்கலாம். சூடை பெரும்பாலும் நுண்ணிய மிதக்கும் விலங்குகளை நம்புகிறது. மத்தியோ அதற்கும் கீழே இறங்கி, கண்ணுக்குத் தெரியாத டயட்டம் என்னும் ஒற்றைச்செல் பாசிகளையே வடித்து உண்ணக்கூடியது. நுண்விலங்குகளையும் அது விடுவதில்லை. ஆனால் தாவர மிதவைகளில் நேரடியாக வயிறு நிரப்பும் திறன்தான் அதன் பலம். நீண்டு சுருண்ட குடலும் அதற்கேற்றதே. கடலில் பாசியை நுண்விலங்கு தின்று, அதைச் சிறுமீன் தின்று, அதைப் பெருமீன் தின்னும்போது ஒவ்வொரு படியிலும் ஆற்றலில் பெரும்பகுதி வீணாகிறது. மத்தி ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. அதனால்தான் லட்சக்கணக்கான டன் என்ற அளவில் பெருக அதனால் முடிகிறது. அதற்கான விலையும் உண்டு: பாசி பெருகாத ஆண்டில் அதற்கு வேறு கதி குறைவு.

பாசி எப்போது பெருகும்? இங்கேதான் தென்மேற்குப் பருவக்காற்று வருகிறது. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் கன்னியாகுமரி, கொல்லம் பக்கம் காற்று கரையோரமாகத் தெற்கு நோக்கி வலுக்கும்போது, பூமியின் சுழற்சி காரணமாகக் கடலின் மேல்நீர் கரையை விட்டு விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப, அடியில் கிடந்த குளிர்ந்த நீர் மேலே எழும்புகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் நிறைந்த நீர் அது. கூடவே மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை ஆறுகள் வழியாக வந்து சேருகிறது. சூரிய ஒளி படும் அடுக்குக்கு உரம் வந்தவுடன் டயட்டம் சில நாட்களிலேயே பன்மடங்காகிறது. இந்த மேலெழுச்சி தெற்கில் தொடங்கி மெல்ல வடக்கே நகர்ந்து, செப்டம்பர், அக்டோபர் வரை நீடிக்கிறது. மலபார் கரை உலகின் வளமான மத்திக் கடல்களில் ஒன்றாக இருப்பதற்கு இதைவிட வேறு ரகசியம் இல்லை.

மத்தி முட்டையிடுவதும் இதே மாதங்களில்தான். ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை, உச்சம் ஜூலை, ஆகஸ்டு. வட அட்லாண்டிக்கின் ஹெர்ரிங் குளிர்ந்த கடலடியில், சரளைக் கற்களின்மேல் ஒட்டும் முட்டைகளை இடும். மூன்று நான்கு வயதில்தான் பருவமடையும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும். நம் மத்தி ஏறத்தாழ ஒரு வயதில், 15 சென்டிமீட்டர் அளவில் பருவமடைந்துவிடுகிறது. ஒரு பெண் மீன் பல்லாயிரம் முட்டைகளை நீரிலேயே விட்டுவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய, கண்ணாடி போன்ற அந்த முட்டைகள் மிதந்தபடியே வெதுவெதுப்பான நீரில் ஒரு நாளில் பொரிந்துவிடும். இரண்டு, இரண்டரை ஆண்டில் அதன் ஆயுளே முடிந்துவிடும்.

அந்தக் குஞ்சின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். பொரிந்து சில நாட்களில் அதன் கருவுணவுப் பை காலியாகிவிடும். அதற்குள் வாய் திறந்து, வாய்க்கு அடங்கும் அளவிலான உணவு அருகிலேயே இருந்தாக வேண்டும். பருவமழை இரண்டு வாரம் தள்ளிப்போனாலும், காற்று வலுவற்றுப் போனாலும், அளவுக்கு மீறி வலுத்துக் குஞ்சுகளைக் கரையை விட்டு வெளியே அடித்துச் சென்றாலும் அந்த ஆண்டுத் தலைமுறை போயிற்று. மேலெழும் நீரில் உரம் மட்டும் வருவதில்லை. ஆக்சிஜன் குறைந்த நீரும் கூடவே கரையோர அடித்தட்டுக்கு வந்துவிடுகிறது. அப்போது மத்திக் கூட்டங்கள் நெருக்கியடித்து மேல்மட்டத்துக்கும் கரைக்கும் ஒதுங்கும், அல்லது இடம் மாறும். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு என்று சொல்லுமளவுக்கு நுட்பமான கணக்கு அது.

கடல் நீருக்கு முன்பே தாயின் வயிற்றிலும் ஒரு தேர்வு நடக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அந்தோனி ராஜா 1960-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். முட்டையிடும் உச்சகாலத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில், பெண் மீன்களின் சினைப்பையில் முதிர வேண்டிய முட்டைகளில் ஒரு பகுதி வெளிவராமலே சிதைந்து உடலுக்குள் உறிஞ்சப்பட்டுவிடுவதை அவர் காட்டினார். மழைக்கும் அடுத்து வரும் இளம் மத்தியின் அளவுக்கும் உள்ள தொடர்பை அவர் அப்படித்தான் விளக்கினார். இன்று செயற்கைக்கோள் கடலின் நிறத்தைப் பார்த்துப் பாசியின் அளவைச் சொல்கிறது. அன்று மழைமானியும் நுண்ணோக்கியும் வைத்துக்கொண்டு அவர் கண்டதன் அடிப்படை இன்னும் மாறவில்லை.

இப்போது 2012-க்கும் 2021-க்கும் இடையிலான அந்தப் பள்ளத்தைப் பார்க்கலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும் மீனில் ஒரு தலைமுறை பொய்த்தால், மூத்த தலைமுறைகள் ஏழெட்டு மீதமிருக்கும். வலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. மத்திக் கடலில் எந்த நேரத்திலும் இருப்பது இரண்டே தலைமுறை: இந்த ஆண்டுக் குஞ்சும் சென்ற ஆண்டு மீனும். ஒன்று பொய்த்தால் பாதிக்கு மேல் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு பொய்த்தால் கடல் காலி. 2015-இல் வலுத்த எல் நினோ, அதற்கு முன்பே முட்டையிடும் மீனையும் குஞ்சையும் பிடித்துத் தீர்த்த வலைகள் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சரிவு ஏற்பட்டது. அதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். மிச்சமிருக்கும் கொஞ்சம் மீனுக்கு ஒரு நல்ல மழைக்காலம் வாய்த்தால் போதும். ஒரே ஆண்டில் லட்சம் டன் திரும்பிவிடும். திரும்பி வந்ததை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள், மறைந்ததை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொன்னவர்களின் தவறைத்தான் திருப்பிச் செய்கிறார்கள்.

இது புதிய கதையும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையை உருவாக்கிய பிரடெரிக் நிக்கல்சன், மலபாரில் மத்தியிலிருந்து எண்ணெயும் சக்கையிலிருந்து உரமும் எடுக்கும் சிறு ஆலைகளை ஊக்குவித்தார். அதற்கு முன்பே மத்தி எண்ணெய் விளக்கெரிக்கவும் படகு மரத்துக்குப் பூசவும் பயன்பட்டது; காய்ந்த மத்தி தென்னைக்கு உரமானது. அவருக்குப் பின் ஜேம்ஸ் ஹார்னெல் மத்தியின் வாழ்க்கையை ஆராய்ந்து, அதன் வருகையையும் டயட்டம் பெருக்கத்தையும் 1920-களிலேயே தொடர்புபடுத்தினார். 1940-களின் தொடக்கத்தில் மத்தி மறைந்தபோது, இளம் மீனைப் பிடிப்பதே காரணம் என்று கருதிய சென்னை அரசு 1943-இல் மத்திகொல்லி வலை உள்ளிட்ட சில வலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. எதிர்பார்த்த பலன் தெரியாததால் 1947-இல் அதை விலக்கிக்கொண்டது. அதே 1947-இல்தான் மேலே சொன்ன ஆராய்ச்சி நிறுவனமும் தொடங்கப்பட்டது. 1971-இல் கொச்சிக்கு இடம்பெயரும்வரை அதன் தலைமையகம் நம் மண்டபம் முகாமில் இருந்தது. மலபார் மத்தியின் கணக்கை இராமேசுவரத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதிய காலம் ஒன்று உண்டு.

அந்த நாட்களில் மண்டபத்தில் இருந்தவர்கள் பேய்ச்சாளையைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே போக வேண்டும். 1980-களின் நடுப்பகுதிவரை இந்தியாவில் பிடிபட்ட இந்த மீனில் மிகப் பெரும்பகுதி கேரளம், கர்நாடகம் சார்ந்த மேலெழுச்சிக் கடலிலிருந்தே வந்தது. கிழக்குக் கரையில் சாளை என்றால் சூடையும் அதன் உறவுகளும்தான். அதற்குப் பின் நிலைமை மாறியது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பேய்ச்சாளை டன் கணக்கில் பிடிபடத் தொடங்கியது. வடக்கே குஜராத் பக்கமும் நகர்ந்தது. கடல் மேற்பரப்பு வெப்பம் உயர்ந்ததால் முன்பு குளிர்ச்சியாக இருந்த பகுதிகளும் மத்திக்கு ஏற்றவையாகிவிட்டன என்பது மீன்வள விஞ்ஞானி விவேகானந்தன் முன்வைத்த விளக்கம். வடக்கு நோக்கிய நகர்வுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கிழக்குக்கு மட்டும் வெப்பம் ஒன்றே போதிய காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வங்கக் கடல் எப்போதுமே வெதுவெதுப்பான கடல்தான். எப்படியானாலும் மலபாரில் மத்தி வறண்ட ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து லாரி லாரியாகக் கேரளத்துக்குப் பேய்ச்சாளை போனது. முன்பு இங்கே அதிகம் மதிக்கப்படாத மீன் அது.

மதிப்புக்கும் மதிப்பின்மைக்கும் காரணம் நெய். முட்டையிட்டுக் களைத்த ஆகஸ்டு மத்தி ஒல்லியாக, சதை வற்றி இருக்கும். பருவமழைப் பாசியை மேய்ந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது கொழுக்கும்போது, உடல் எடையில் 15 சதவீதத்துக்கும் மேல் கொழுப்பு சேரும். அந்த மாதங்களில் வயிற்றைக் கீறினால் குடலைச் சுற்றி வெண்ணிறக் கொழுப்பு படர்ந்திருக்கும். சட்டியில் எண்ணெய் ஊற்றாமலே மீன் தன் நெய்யில் பொரியும். குமரி மாவட்டத்தில் சாளை வாங்குபவர்கள் மாதத்தைப் பார்த்து வாங்குவது இதனால்தான்.

கூட்டமாகத் திரிவதும் மத்தியின் உடலமைப்பில் அடங்கியது. இந்த வகை மீன்களின் காற்றுப்பையிலிருந்து மெல்லிய குழாய்கள் உட்காதுவரை செல்கின்றன. அதனால் ஒலியையும் அதிர்வையும் மிக நுட்பமாக உணர்கின்றன. ஒரு மீன் திரும்பினால் கூட்டமே திரும்பும். பகலில் கடலில் கருமையான திட்டாகவும், நீர் கொதிப்பதுபோன்ற சலசலப்பாகவும் கூட்டம் தெரியும். மேலே ஆலாக்கள் வட்டமிடும். இருட்டில் கூட்டம் நகரும்போது ஒளிரும் நுண்ணுயிரிகள் கலங்கி நீர் மினுங்கும். அதைப் பார்த்தே வலை விடுவார்கள். வஞ்சிரம், சூரை, சீலாவிடமிருந்து தப்பிக்க இந்தக் கூட்ட வாழ்க்கை உதவுகிறது. வலையிடமிருந்து தப்பிக்க அது உதவாது, சிக்க வைக்கும். சாளை வலையில் ஒவ்வொரு மீனாகத் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும். வளைத்துச் சுருக்கும் வலையிலோ கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வந்துவிடும். கடலில் மீன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் மிச்சமிருப்பவை கூட்டமாகவே இருக்கும் என்பதால், ஒரு படகுக்குக் கிடைக்கும் மீன் உடனே குறைவதில்லை. ஆபத்து கரையில் தெரியும்போது கடலில் காலம் கடந்துவிட்டிருக்கும்.

கேரளத்தில் 1980-களின் நடுவில் பரவிய ரிங் வலையும் இப்படி வளைத்துச் சுருக்குவதுதான். ஜூன், ஜூலையில் அங்கே விதிக்கப்படும் தடை விசைப்படகுகளுக்கு மட்டும். ரிங் வலை கட்டிய பாரம்பரிய வள்ளங்கள் அந்த நாட்களிலும் கடலுக்குப் போகலாம். மழைக்கால வறுமையில் மீனவரின் பிழைப்புக்காக வைத்த விலக்கு அது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மத்தி முட்டையிடும் உச்சமும் அதே மாதங்கள்தான் என்பதால், விசைப்படகுகளின் இழுவைமடிக்கு வைத்த தடை இந்த மீனுக்குப் பாதுகாப்பு ஆவதில்லை. தமிழ்நாட்டில் சுருக்குமடி வலைக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்து தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் திங்கள், வியாழன் மட்டும் பயன்படுத்த இடைக்கால அனுமதி தந்தது. மத்தி பெரும்பாலும் கரையோர மீன் என்பதால், இந்த அனுமதியால் மத்திக்கு நேரும் பாதிப்பு அந்த 12 மைல் எல்லை எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

கேரள அரசு 2015-இல் மத்திக்குக் குறைந்தபட்ச அளவாக 10 சென்டிமீட்டரை நிர்ணயித்தது. மத்தி பருவமடையும் அளவு 15. அதாவது ஒருமுறைகூட முட்டையிடாத மீனைப் பிடிப்பதும் சட்டப்படி சரியே. விதி தளர்வாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் அது குறிவைத்தது ஐந்தாறு சென்டிமீட்டர் குஞ்சுகள் டன் கணக்கில் மீன்தூள் ஆலைகளுக்குப் போவதைத் தடுக்க. அதற்கு அது ஓரளவு பொருந்தும். 15 என்று வைத்தால் பாதிக் கடற்கரை அன்றே சட்டத்தை மீறியிருக்கும்.

2024-இல் நேர்ந்தது எந்த விதியும் எதிர்பார்க்காதது. சாதகமான மழையும் மேலெழுச்சியும் சேர்ந்து குஞ்சுகள் அளவுகடந்து பிழைத்துவிட்டன. கரையெங்கும் இளம் மத்தி. கிலோ 350, 400 ரூபாய்க்கு விற்றது 20, 30 ரூபாய்க்கு இறங்கியது. அத்தனை வாய்களுக்கும் கடலில் உணவு போதவில்லை. நெரிசலில் வளர்ச்சி தேங்கி, வழக்கமாகக் கொழுக்க வேண்டிய காலத்திலும் மீன் சிறுத்து, நெய்யில்லாமல் கிடந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர் மத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய மத்தி எங்கே போனது என்று வாங்குபவர்கள் கேட்டார்கள். எங்கும் போகவில்லை, கூட்டாளிகள் அதிகமாகி, இருந்த உணவைப் பங்குபோட்டதில் அவ்வளவுதான் வளர முடிந்தது.